கட்டட்டும், எங்கள் தெருவில் வேண்டாம்

சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் ஒரு சலவைக்கடை இருந்தது. காசு போட்டால் ஓடும் மெஷின்கள், வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம், ஒரே தளம். அதை இடித்துவிட்டு 75 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்ட அதன் உரிமையாளர் நினைத்தார். நிலம் அவருடையது. ரயில் நிலையம் நடந்துபோகும் தூரம். அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பதால் யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரின் வீட்டுப் பஞ்சமோ உலகறிந்தது. இதைவிடச் சுலபமான கேஸ் கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2014 வாக்கில் தொடங்கிய அந்த முயற்சி 2018 வரை இழுத்தது. நடுவில், அந்தச் சலவைக்கடை வரலாற்றுச் சின்னமாக இருக்கக்கூடுமா என்று ஆராய்ந்து நூறு பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை தயாரானது. இல்லை என்று முடிவானதும், புதுக் கட்டடத்தின் நிழல் பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுத் திடலில் விழும் என்று அடுத்த ஆட்சேபம். அப்புறம் நிழலுக்கு ஓர் ஆய்வு. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் நிழல் நீளும் என்று கணக்கெடுத்தார்கள். செங்கல் வைக்கும் முன்பே ஆண்டுகள் ஓடிவிட்டன.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், நியூசிலாந்து என்று பல நாடுகளில் ‘இன்னும் வீடு கட்டுங்கள்’ என்ற குரல் ஓங்கிக்கொண்டே வருவதற்கு இந்த மாதிரிக் கதைகள்தான் எரிபொருள். வீடு குறைவாக இருப்பதற்குக் காரணம் கேட்டால் பணம், சிமென்ட், ஆள் என்று சொல்லத் தோன்றும். அவையும் காரணம்தான். ஆனால் சண்டை நடப்பது வேறு இடத்தில். ஒரு தெருவில் புது வீடு வரலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை யாருக்கு? ஏற்கெனவே அங்கே குடியிருப்பவருக்கா, இனிமேல் குடிவரப்போகிறவருக்கா? பின்னவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, முகவரி இல்லை. அவர் யாரென்றே இன்னும் தெரியாது. எதிர்ப்புத் தெரிவிக்கும் கூட்டத்துக்கு அவரால் வர முடியாது.

ஒரு மனைக்கு ஒரு வீடு

நகரத்து நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இங்கே ஆலை, இங்கே கடை, இங்கே வீடு என்று விதி போடுவது அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. நியூயார்க்கில் 1915-ல் எக்விடபிள் கட்டடம் எழுந்தது. நடைபாதையின் விளிம்பிலிருந்து நேர் செங்குத்தாக ஏறிய அந்த மாளிகை அக்கம்பக்கத்துத் தெருக்களை நிழலில் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே நகரம் முழுமைக்குமான மண்டல விதிகள் வந்தன. ஆலைப் புகை பள்ளிக்கூடத்தில் நுழையக் கூடாது, தெருவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதெல்லாம் நியாயமான கவலைகள். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

வேறு ஒரு வேலையும் கூடவே நடந்தது. அதே 1916-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் சில பகுதிகளில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று விதித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், எந்த இனத்தவர் எந்தத் தெருவில் வாழலாம் என்று நகராட்சிகள் சட்டம் போடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சரி, இனத்தை எழுத முடியாது. ஒரு மனை இத்தனை ஆயிரம் சதுர அடிக்குக் குறையக் கூடாது, அதில் ஒரே ஒரு வீடுதான் நிற்கலாம் என்று எழுதலாமே! அதற்குத் தடை இல்லை. பெரிய மனை வாங்க வசதி இல்லாதவர் தானாகவே வடிகட்டப்பட்டுவிடுவார். அந்தக் கால அமெரிக்காவில் வசதி இல்லாதவர் பெரும்பாலும் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1926-ல் ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சிற்றூர் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டல விதிகளுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லேண்ட், தனி வீடுகள் இருக்கும் பகுதியில் நுழையும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே வர்ணித்தார். திறந்த வெளியும் அழகான சூழலும் தனி வீட்டுக்காரர்கள் உண்டாக்கியவை, அதை உறிஞ்சிப் பிழைக்க அடுக்குமாடி வருகிறது என்பது அவர் பார்வை. நூறு ஆண்டு ஆகிறது. இன்றும் அமெரிக்காவின் பல நகரங்களில் குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்கு வரை தனி வீட்டுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றால் அந்த ஒரு சொல்லின் ஆயுளைப் பாருங்கள்.

பிரிட்டன் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1947-ன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் நிலத்தில் கட்டும் உரிமையையே அரசின் கைக்கு மாற்றியது. நிலம் உங்களுடையது, அதில் கட்டுவது உங்கள் உரிமை இல்லை, அனுமதி கேட்க வேண்டும். திட்டத்தில் அந்த நிலம் குடியிருப்புக்கு என்று குறித்திருந்தாலும்கூட, உள்ளூர்க் கமிட்டி கூடிப் பேசி வேண்டாம் என்று சொல்ல இடமிருக்கிறது. வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பழமொழி சவால் விடுகிறது. இவர்கள் ஊரில் அப்ரூவல் வாங்கிப் பார் என்று மாற்றிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு வந்தவர்கள்

மாசசூசெட்ஸில் மூன்று அரசியல் ஆய்வாளர்கள், கேத்ரின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மாக்ஸ்வெல் பால்மர், ஒரு பொறுமையான காரியம் செய்தார்கள். புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி தரும் உள்ளூர்க் கூட்டங்களின் குறிப்பேடுகளை ஊர் ஊராக எடுத்து, யார் எழுந்து பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று பதிவுசெய்து, அந்தப் பெயர்களை வாக்காளர் பட்டியலோடும் சொத்துப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசியவர்கள் ஊரின் மற்ற வாக்காளர்களைவிட வயதில் மூத்தவர்கள், ஆண்கள், நீண்ட காலம் அங்கே வாழ்ந்தவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்தான் திட்டத்தை ஆதரித்துப் பேசியிருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, இதே மாநிலத்தில் 2010-ல் நடந்த ஒரு வாக்கெடுப்பு. மலிவு விலை வீடுகளுக்கு ஊர்கள் குறுக்கே நிற்பதைத் தடுக்கும் பழைய சட்டம் ஒன்றை ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள். பெரும்பான்மையான மக்கள் வேண்டாம், சட்டம் இருக்கட்டும் என்றார்கள். ஆக, வாக்குப் பெட்டியில் ஒரு ஊர், கூட்ட அரங்கில் வேறொரு ஊர். வார நாளின் மாலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாகன நெரிசல் அறிக்கையைப் பற்றி வாதாட யாருக்கு நேரம் இருக்கும்? ஷிஃப்டில் வேலை பார்ப்பவருக்கு இல்லை, கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இல்லை. வீடு வந்தால் பயனடையப்போகிறவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு இருக்கிறார், கூட்டம் நடப்பதே அவருக்குத் தெரியாது.

எதிர்ப்பவர்கள் எல்லோரையும் கெட்டவர்களாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் ஜன்னலுக்கு எதிரே ஐந்து மாடி எழும்பினால் நானும் முகம் சுளிப்பேன். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் அந்த ஒரு வீட்டில்தான் இருக்கிறது. அதன் மதிப்பு போய்விடுமோ என்ற பயம் இயல்பு. பிள்ளைகளின் பள்ளியில் கூட்டம், தெருவில் கார், சாக்கடை தாங்குமா என்ற கேள்வி எல்லாம் உண்மையான கேள்விகள். ஒவ்வொரு தெருவும் தன் அளவில் நியாயமாகத்தான் யோசிக்கிறது. எல்லாத் தெருக்களும் அப்படியே யோசிக்கும்போது ஊர் முழுக்கக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

‘என் கொல்லைப்புறத்தில் வேண்டாம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக ‘நிம்பி’ என்ற சொல் 1980 வாக்கிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பிப் போட்டு, ‘என் கொல்லைப்புறத்தில் கட்டுங்கள்’ என்று ‘யிம்பி’ என்ற பெயருடன் ஓர் இயக்கம் கிளம்பியது. 2014 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சோன்யா ட்ராஸ் என்ற ஆசிரியை நகர சபைக் கூட்டங்களுக்குப் போய், எந்தக் குடியிருப்புத் திட்டம் வந்தாலும் எழுந்து நின்று ஆதரித்துப் பேச ஆரம்பித்தார். எதிர்க்க ஆள் வருவது அதிகாரிகளுக்குப் பழக்கம். லாபம் பார்க்கும் பில்டரைத் தவிர வேறு யாரோ வந்து ஆதரிப்பது புதுசு. வாடகை கட்டி மாளாத இளைஞர்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். 2016-ல் கொலராடோவின் போல்டரில் முதல் மாநாடு கூடியது. இடதுசாரி, வலதுசாரி இரு தரப்பிலும் இதற்கு ஆதரவாளர்கள் உண்டு, இரு தரப்பிலும் எதிரிகளும் உண்டு. இன்றைய அமெரிக்க அரசியலில் இது அபூர்வம்.

தெருவிலிருந்து தலைநகருக்கு

கூட்டத்தில் போய்ப் பேசுவது ஒரு கட்டத்துக்கு மேல் பலன் தராது என்று அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு மாலையைச் செலவழித்தால் ஆயுள் போதாது. முடிவெடுக்கும் இடத்தையே மாற்ற வேண்டும். தெருவிலிருந்து நகரத்துக்கு, நகரத்திலிருந்து மாநிலத்துக்கு. இந்த இயக்கம் உண்மையில் சாதித்ததும் இந்த இடமாற்றத்தைத்தான்.

மின்னியாபொலிஸ் நகரம் 2018 டிசம்பரில், தனி வீடு மட்டுமே என்ற விதியை நகரம் முழுவதும் கைவிட்டு, எந்தக் குடியிருப்பு மனையிலும் மூன்று வீடுகள் வரை அனுமதிப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஒரெகன் மாநிலம் 10,000 பேருக்கு மேல் உள்ள எல்லா ஊரிலும் இரட்டை வீடுகளுக்கு அனுமதி தர வேண்டும் என்று சட்டம் போட்டது. மாசசூசெட்ஸ் 2021-ல், பாஸ்டன் பகுதி ரயில், பஸ் சேவை எட்டும் 177 ஊர்கள் அடுக்குமாடிக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது. மில்டன் என்ற ஊரின் நகராட்சி அதன்படி திட்டம் போட்டது. 2024 பிப்ரவரியில் ஊர் மக்கள் வாக்கெடுப்பு வைத்து அதைத் தூக்கியெறிந்தார்கள். மாநில அரசு வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் ஊர்களைக் கட்டுப்படுத்தும், அரசு அதை வற்புறுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. ஊர் வாக்களித்து எடுத்த முடிவை மேலிருந்து மாற்றுவது ஜனநாயகமா என்று மில்டன்காரர்கள் கேட்டதைச் சுலபமாக ஒதுக்க முடியாது. அந்த வாக்கெடுப்பில் யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது என்ற பதில் கேள்வியையும் ஒதுக்க முடியாது.

கலிஃபோர்னியாவில் சண்டை நீளமானது. அங்கே 1970-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டம் ஒன்று உண்டு. அணைக்கட்டும் நெடுஞ்சாலையும் காட்டை அழிக்காமல் பார்த்துக்கொள்ள வந்தது. காலப்போக்கில், ஊர் நடுவில் வரும் அடுக்குமாடியைத் தடுக்க நினைப்பவருக்கும் அதுவே ஆயுதமாகிவிட்டது. பெர்க்லியில் பல்கலைக்கழகம் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்ட முயன்றபோது, மாணவர்கள் போடப்போகும் சத்தத்தையும் சூழல் மாசாகக் கருதி ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2023-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மனிதர்களே மாசு! சட்டமன்றம் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அந்த வாதத்தை மூடியது. 2025 ஜூனில், நகரத்துக்குள் வரும் பெரும்பாலான குடியிருப்புத் திட்டங்களுக்கு அந்தச் சூழல் ஆய்விலிருந்தே விலக்கு கிடைத்தது. ரயில் நிலையங்களுக்கு அருகே உயரமான குடியிருப்புகளை அனுமதிக்கும் சட்டம் 2018-லும் 2020-லும் தோற்று, வேறு வடிவத்தில் 2025 அக்டோபரில்தான் கையெழுத்தானது. ஏழு ஆண்டு.

சட்டம் வந்ததும் வீடு வந்துவிடுமா? வராது. எந்த மனையையும் இரண்டாகப் பிரித்து வீடு கட்டலாம் என்ற கலிஃபோர்னியாவின் 2021 சட்டத்தை மிகச் சிலரே பயன்படுத்தினார்கள். நிபந்தனைகள் அப்படி. மின்னியாபொலிஸிலும் பெரிதாகப் பேசப்பட்ட மூன்று வீட்டுத் திட்டத்தில் கட்டப்பட்டவை குறைவு. அங்கே உண்மையில் எண்ணிக்கையைக் கூட்டியவை பஸ் போகும் பெரிய சாலைகளில் வந்த அடுக்குமாடிகளும், வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியதும்தான். பலன் தெரிந்தது. 2017 முதல் 2022 வரை அந்த நகரில் வீடுகள் 12 சதவீதம் கூடின. வாடகை 1 சதவீதமே ஏறியது. அதே காலத்தில் மாநிலத்தின் மற்ற பகுதிகளில் 14 சதவீதம் ஏறியிருந்தது.

ஆக்லாந்தும் ஹூஸ்டனும்

இந்த இயக்கத்தார் ஓயாமல் எடுத்துக்காட்டும் ஊர் நியூசிலாந்தின் ஆக்லாந்து. 2010-ல் அங்கே பல சிறிய நகராட்சிகளைக் கலைத்து ஒரே மாநகர சபையாக்கினார்கள். ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை தனித்தனியாக இருந்த விதிகளின் இடத்தில் ஒரே திட்டம் 2016-ல் வந்தது. குடியிருப்பு நிலத்தில் முக்கால் பங்கில் முன்பைவிட அடர்த்தியாகக் கட்ட அனுமதி. அடுத்த சில ஆண்டுகளில் புது வீடுகளுக்கான அனுமதி இரண்டு மடங்கைத் தாண்டியது. வானுயர்ந்த கோபுரங்கள் ஒன்றும் முளைக்கவில்லை. பழைய தனி வீடு ஒன்று நின்ற மனையில், ஒட்டி ஒட்டி நிற்கும் மாடி வீடுகள் நான்கைந்து, ஆளுக்கொரு வாசல். அவ்வளவுதான்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆய்வாளர்கள், இந்த மாற்றம் நடக்காமலிருந்தால் வாடகை எங்கே போயிருக்கும் என்று மற்ற நகரங்களின் போக்கை வைத்துக் கணக்கிட்டார்கள். மூன்று படுக்கையறை வீட்டின் வாடகை அந்தக் கற்பனை அளவைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு என்பது அவர்கள் முடிவு. நடக்காத ஒன்றோடு ஒப்பிடும் கணக்கு என்பதால் இதை மறுக்கும் பொருளாதார நிபுணர்களும் இருக்கிறார்கள். வீடு வாங்கும் விலை அங்கேயும் 2021 வரை ஏறத்தான் செய்தது. ஆனால் அனுமதி கொடுத்தால் கட்டுவார்களா என்ற கேள்விக்கு, கட்டினார்கள் என்பது பதில். அந்த அளவுக்கு யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு ஆக்லாந்தைவிட ஹூஸ்டன் சுவாரசியமாகப் படுகிறது. டெக்சாஸின் அந்தப் பெருநகரில் மண்டல விதியே கிடையாது. 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்பு வைத்து மக்கள் அதை வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டு மனை 5,000 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்ற விதி இருந்தது. 1998-ல் உள் வட்டச் சாலைக்குள் அதை 1,400 சதுர அடியாகக் குறைத்தார்கள். ஒரு மனையில் மூன்று வீடு நிற்கலாம் என்று ஆயிற்று. பின்னால் 2013-ல் நகரத்தின் மற்ற பகுதிக்கும் விரித்தார்கள். பல்லாயிரம் வீடுகள் அப்படி எழுந்தன.

இதை நிறைவேற்ற அவர்கள் செய்த சமரசம்தான் விஷயம். எங்கள் தெருவுக்கு இது வேண்டாம் என்று நினைக்கும் வீட்டுக்காரர்கள் கையெழுத்துச் சேர்த்து மனுப் போட்டால், அந்தத் தெருவுக்கு மட்டும் பழைய அளவை நீடிக்கச் செய்ய வழி வைத்தார்கள். கடுமையாக எதிர்த்திருக்கக்கூடியவர்களுக்கு வெளியேறும் கதவு திறந்துவிடப்பட்டது. அவர்கள் தங்கள் தெருவைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், மற்ற ஊர் முழுக்க வேலை நடந்தது. ஒவ்வொரு தெருவும் தன் தெருவுக்கு மட்டும் பேசலாம், அடுத்த தெருவுக்குப் பேச முடியாது. வேண்டாம் என்று சொல்பவர்தான் மெனக்கெட வேண்டும், கட்டுகிறவர் இல்லை. கொள்கைவாதிகளுக்கு இது பிடிக்காது. எனக்கு இது மனித சுபாவம் தெரிந்தவர்கள் செய்த வேலையாகத் தெரிகிறது.

பணக்காரருக்கான வீடு ஏழைக்கு என்ன செய்யும்?

எதிர்ப்பில் எல்லாமே சொந்த வீட்டுக்காரர்களுடையது அல்ல. வாடகைதாரர் அமைப்புகளும் கேட்கின்றன: பில்டர் கட்டுவது பளபளக்கும் சொகுசு வீடு, அதில் நாங்கள் எங்கே குடிபோவது? எங்கள் பேட்டைக்குப் பணக்காரர்கள் வந்தால் வாடகை ஏறி நாங்கள்தானே வெளியேற வேண்டும்?

பதில் ஒரு சங்கிலியில் இருக்கிறது. புது வீட்டுக்குப் போகிறவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை, ஏற்கெனவே இருந்த ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறார். அந்த வீட்டுக்கு இன்னொருவர் வருகிறார், அவர் விட்ட வீட்டுக்கு மற்றொருவர். அமெரிக்க நகரங்களிலும் ஹெல்சிங்கியிலும் ஆய்வாளர்கள் முகவரிப் பதிவுகளை வைத்து இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அது குறைந்த வருமானக்காரர் வாழும் பகுதிகள் வரை எட்டுகிறது. புது வீடு கட்டாமல் விட்டால் சங்கிலி எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்தப் பணக்காரர் பழைய வீட்டைக் கூடுதல் வாடகைக்கு எடுத்துக்கொள்வார், அங்கே இருந்தவர் கீழே தள்ளப்படுவார்.

ஆனாலும் அந்தச் சங்கிலிக்கு நேரம் பிடிக்கும். அடுத்த மாத வாடகைக்குத் தவிப்பவரிடம் ஐந்து வருஷம் பொறுங்கள் என்று சொல்வது பொருளாதாரம், ஆறுதல் இல்லை. சிகாகோவில் 2013, 2015 ஆண்டுகளில் ரயில் நிலையங்களை ஒட்டி விதிகளைத் தளர்த்தியபோது, முதல் ஐந்து ஆண்டில் கட்டுமானம் கூடியதாகத் தெரியவில்லை, சொத்து விலைதான் ஏறியது என்று ஓர் ஆய்வு சொன்னது. அங்கே விதி தளர்ந்தது சில துண்டுகளில் மட்டும். ஆக்லாந்தில் ஏறக்குறைய ஊர் முழுக்க. பத்து மனைக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் அந்தப் பத்து மனைக்காரர்கள் விலையை ஏற்றி உட்காருவார்கள், பத்தாயிரம் மனைக்குக் கொடுத்தால் அது நடக்காது. சிகாகோவையும் ஆக்லாந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது.

தனியாரை மட்டும் நம்பாத ஊர்களும் உண்டு. வியன்னாவில் 1923 முதல் சோஷலிஸ்ட் நகர சபை, வசதியானவர்களிடம் அதிகம் வாங்கும் வீட்டு வரி ஒன்றைப் போட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் 60,000-க்கு மேல் வீடுகள் கட்டியது. இன்றும் நகர சபையே இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சொந்தக்காரர். சிங்கப்பூர் 1960-ல் வீடமைப்பு வாரியத்தைத் தொடங்கி முதல் ஐந்து ஆண்டில் 50,000-க்கு மேல் வீடுகளை எழுப்பியது. இன்று அங்கே வசிக்கும் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வாரிய வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் நிலத்தைக் கையகப்படுத்த அந்த அரசிடம் இருந்த அதிகாரம் வேறு பல அரசுகளிடம் இல்லை. தவிர, அரசு கட்டினாலும் அதே தெருவில்தான் கட்ட வேண்டும், அதே கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். பெர்க்லியில் விடுதி கட்டப் போய் வழக்கில் மாட்டியது அரசுப் பல்கலைக்கழகம்தான்.

ஜப்பானில் கூட்டமே பெரும்பாலும் தேவைப்படாது. மண்டல வகைகளைத் தேசிய அரசு வகுக்கிறது, மொத்தமே பதின்மூன்று. உங்கள் மனை எந்த வகை என்று தெரிந்தால் என்ன கட்டலாம் என்று தெரியும். விதிக்குள் இருந்தால் அனுமதி, யாருடைய மனநிலையையும் பொறுத்ததல்ல. குடியிருப்பு வகை எதிலும் தனி வீடு மட்டும்தான் என்ற நிபந்தனை கிடையாது. டோக்கியோவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் ரகசியத்தில் இது ஒரு முக்கியமான பாதி.

படிக்கட்டு

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வருபவை யாரும் கோஷம் போடாத சின்னச் சின்ன விதிகள். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கார் நிறுத்த இடம் கட்டாயம் என்று பல நகரங்களில் இருந்தது. தரைக்குக் கீழே ஒரு காருக்கு இடம் கட்ட அமெரிக்காவில் பல பத்தாயிரம் டாலர் ஆகும். கார் இல்லாதவரும் வாடகையில் அதைச் சேர்த்துக் கட்டுகிறார். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 2017-ல் பஃபலோ நகரம் இந்தக் கட்டாயத்தை ஊர் முழுக்க நீக்கியது. பிறகு வரிசையாகப் பல ஊர்கள், 2023-ல் ஆஸ்டின் வரை.

இன்னொன்று படிக்கட்டு. பெரும்பாலான இடங்களில், அமெரிக்காவில் மூன்று தளத்துக்கு மேல் போனால், கனடாவில் இரண்டு தளத்துக்கு மேல் போனால், இரண்டு படிக்கட்டு வேண்டும், தீ விபத்தில் தப்பிக்க. கேட்க நியாயமாக இருக்கிறது. படத்தை வரைந்து பாருங்கள். கட்டடத்தின் இரு கோடியிலும் படிக்கட்டு, இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீண்ட நடைபாதை. அதன் இருபுறமும் வீடுகள், ஹோட்டல் மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல். காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை. ஜன்னல் இல்லாத அறையைப் படுக்கையறை என்று சொல்ல முடியாது என்பதால் இரண்டு, மூன்று அறை வீடுகளை அடக்குவது சிரமம். ஒற்றை அறை வீடுகளே பெருகும். குறுகலான மனையில் இரண்டு படிக்கட்டும் நடைபாதையும் போக மிஞ்சுவது சொற்பம். ஆக, பக்கத்துப் பக்கத்து மனைகளைச் சேர்த்து வாங்கக்கூடிய பெரிய கம்பெனிதான் கட்ட முடியும். ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒற்றைப் படிக்கட்டைச் சுற்றித் தளத்துக்கு இரண்டு மூன்று வீடு, இருபுறமும் ஜன்னல் என்று கட்டுகிறார்கள், தீத்தடுப்புக்கு வேறு ஏற்பாடுகளுடன். சியாட்டில் 1970களிலிருந்தே ஆறு மாடி வரை இதை அனுமதிக்கிறது. இப்போது மற்ற ஊர்களும் அந்த விதியைத் தூசு தட்டிப் படிக்கின்றன. தீயணைப்புத் துறையினர் பல இடங்களில் எதிர்க்கிறார்கள், அவர்கள் பேச்சை அலட்சியப்படுத்தவும் முடியாது.

வட்டி விகிதத்தை இந்த இயக்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 2022-க்குப் பிறகு வட்டி ஏறியதும் அனுமதி வாங்கிய திட்டங்களே பல ஊர்களில் கிடப்பில் போயின. வாடகை இறங்கினாலும் பில்டர் நிறுத்திவிடுவார். ஆஸ்டினில் நிறையக் கட்டி வாடகை உச்சத்திலிருந்து நன்றாக இறங்கியதும் புதுக் கட்டுமானம் மெதுவானது.

கனடாவின் வான்கூவரில் ஒரு வினோதம் நடந்துகொண்டிருக்கிறது. நகர மையத்துக்கு எதிர்க்கரையில், பாலத்தின் அடியில், செனாக்வ் என்ற இடம். ஸ்குவாமிஷ் பழங்குடியினர் அங்கே கிராமம் அமைத்து வாழ்ந்தவர்கள். 1913-ல் அவர்களைப் படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடுகளைக் கொளுத்தினார்கள். நீண்ட வழக்குக்குப் பின் 2003-ல் பத்து ஏக்கர் சொச்சம் திரும்பக் கிடைத்தது. அது பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டு நிலம் என்பதால் வான்கூவர் நகராட்சியின் மண்டல விதி அங்கே செல்லாது. அவர்கள் கூடி வாக்களித்து, பதினொரு கோபுரங்களில் ஏறத்தாழ 6,000 வீடுகள் கட்ட முடிவெடுத்தார்கள். பெரும்பாலும் வாடகைக்கு, கார் நிறுத்த இடம் மிகக் குறைவு. 2022-ல் வேலை தொடங்கியது.

சுற்றிலும் தாழ்வான வீடுகள் கொண்ட அமைதியான பேட்டை. இவ்வளவு உயரம் எங்கள் பகுதியின் தன்மைக்குப் பொருந்தாது, எங்களை யாரும் கேட்கவில்லையே என்று அக்கம்பக்கத்தார் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். வேலை நிற்கவில்லை. கிரேன்கள் அந்தப் பாலத்தின் இருபுறமும் ஏறி நின்றன.